மெமரி என்று எதைச் சொல்கிறோம்? லேப்டாப் வாங்கப் போகும் குழுக்களுக்கு

(ஜேடர்பாளையத்தில் நடந்த கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



இன்றைய தீர்மானப் புத்தகத்தில் நான்காவது பொருள் "கூட்டமைப்புக்கு லேப்டாப் வாங்குதல்". மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்கிறோம். முதல் கடை ஏற்கெனவே பயன்படுத்திய லேப்டாப்பைச் சீர்செய்து கொடுக்கிறது. அதில் 4 ஜிபி, 1 டிபி என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவது புதுசு, 8 ஜிபி, 256 ஜிபி. மூன்றாவதும் புதுசு, 16 ஜிபி, 512 ஜிபி. விலை முதலாவதில்தான் குறைவு.

போன கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "ஏனுங்க, விலையும் கம்மி, மெமரியும் ஒரு டிபின்னு ஜாஸ்தியா இருக்குது. அப்புறம் எதுக்குங்க இன்னொரு கடைக்குப் போறது?" நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நாம் தீர்மானத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ஏனென்றால் இது நம் சந்தாப் பணம். கூட்டமைப்பு வாங்கப் போவது ஒன்றுதான். ஆனால் உங்களில் பல பேர் பிள்ளைகளை நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் கல்லூரிக்கு அனுப்புகிறீர்கள். குழுவில் உள்கடன் வாங்கி அவர்களுக்கு லேப்டாப் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அந்தக் கடனை மாதாமாதம் வட்டியோடு கட்டுவது நீங்கள். அதனால் கொஞ்ச நேரம் இதைப் பேசிவிடுவோம்.

மெமரி என்ற வார்த்தையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நமக்கு இந்த வார்த்தை முதலில் எப்படி வந்தது? போனில் போடும் மெமரி கார்டு மூலமாக வந்தது. பாட்டு, போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கும். அதனால் மெமரி என்றால் சேர்த்து வைக்கும் இடம் என்று மனசில் பதிந்துவிட்டது. ஆனால் லேப்டாப்பில் இரண்டு வேறு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன, இரண்டையுமே கடைக்காரர் மெமரி என்றுதான் சொல்வார். ஒன்று ரேம். இன்னொன்று சேமிப்பு இடம், அதாவது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. முதல் கடையின் விலைப்புள்ளியில் 4 ஜிபி என்பது ரேம், 1 டிபி என்பது ஹார்ட் டிஸ்க். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நம்ம ஊரில் வெல்ல ஆலை பார்க்காதவர் யாரும் இல்லை. ஜேடர்பாளையம், கபிலர்மலை சுற்றுவட்டாரத்தில் காய்ச்சி, பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு 30 கிலோ சிப்பமாகப் போகிற வெல்லம் எப்படி ஆகிறது? வெட்டிய கரும்பு களத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அது சேமிப்பு இடம். சாறு கொதிப்பது கொப்பரையில். அதுதான் ரேம். பக்கத்தில் நின்று கிண்டிக்கொண்டே பதம் பார்க்கிற ஆள்தான் ப்ராசஸர். களத்தில் பத்து டன் கரும்பு கிடந்தாலும், ஒரு தடவைக்குக் கொப்பரை பிடிக்கிற அளவுதான் காய்ச்ச முடியும். கொப்பரை சின்னதாக இருந்தால் களம் எவ்வளவு பெரிசாக இருந்து என்ன பிரயோஜனம்?

லேப்டாப்பில் நாம் ஒரு கணக்குத் தாளைத் திறந்தால், அது களத்திலிருந்து கொப்பரைக்கு வருகிறது. வங்கி இணையதளத்தைத் திறந்தால் அதுவும் கொப்பரைக்குள் வருகிறது. வீடியோ மீட்டிங் போட்டால் அதுவும் அங்கேதான். விண்டோஸ் என்கிற அடிப்படை மென்பொருள் இவற்றுக்கெல்லாம் முன்னாலேயே அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். கொப்பரை நிறைந்துவிட்டால் என்ன ஆகும்? பொங்கி வழியாது. கம்ப்யூட்டர் ஒரு தந்திரம் செய்யும். இப்போதைக்கு வேண்டாத சாற்றை ஒரு குடத்தில் மொண்டு களத்தில் வைத்துவிட்டு, வேண்டியதை உள்ளே ஊற்றும். நீங்கள் பழைய பக்கத்துக்குத் திரும்பினால், இதை மொண்டு வெளியே வைத்து அதை மறுபடி உள்ளே ஊற்றும். இப்படி மொண்டு மொண்டு ஊற்றுவதிலேயே நேரம் போய்விடும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, நாம் "ஹேங் ஆயிடுச்சு" என்கிறோமே, பாதி நேரம் காரணம் இதுதான்.

இன்னொன்று. அடுப்பை அணைத்தால் கொப்பரையில் ஒன்றும் மிஞ்சாது. லேப்டாப்பை அணைத்தால் ரேமில் இருப்பது அத்தனையும் போய்விடும். அதனால்தான் கணக்குப் போட்டதும் சேவ் செய்யுங்கள், சேவ் செய்யுங்கள் என்று ஊக்குநர்களிடம் தொண்டை வறள நாங்கள் சொல்கிறோம். சேவ் செய்வது என்றால் கொப்பரையில் இருப்பதை வெல்லமாகத் தட்டி எடுத்து உள்ளே வைப்பது.

இனி, களமும் இரண்டு வகை. ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே தட்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு ஊசி போன்ற கை நகர்ந்து நகர்ந்து தேடி எடுக்கும். அந்தக் காலத்து இசைத்தட்டு மாதிரி. எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது, எல்லாம் சில்லுதான். அதனால் பல மடங்கு வேகம், கீழே தட்டினாலும் சீக்கிரம் பழுதாகாது. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை விட 256 ஜிபி எஸ்எஸ்டி நம் வேலைக்கு நல்லது என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

"அப்ப 256 பத்துமாங்க?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம், கணக்குப் போடுவது நமக்குப் புதுசா என்ன! கம்ப்யூட்டரில் ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழுக்கு இப்போது எல்லா இடத்திலும் இருக்கிற யூனிகோடு முறையில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகும். "அம்மா" என்று எழுதினால் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள், மொத்தம் 15 பைட். அதையே ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் எழுதினால் 4 பைட். அம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இடம் வேண்டியிருக்கிறது!

சரி, 20 உறுப்பினர் உள்ள ஒரு குழு. மாதம் ஒரு கூட்டக் கணக்கு. ஒவ்வொருவருக்கும் பெயர், சேமிப்பு, கடன், வட்டி, நிலுவை என்று ஒரு வரி. வருஷத்துக்கு 240 வரி, பத்து வருஷத்துக்கு 2,400 வரி. ஒரு வரிக்குத் தாராளமாக 500 பைட் என்று வைத்தாலும் மொத்தம் 12 லட்சம் பைட், அதாவது சுமார் 1.2 எம்பி. இப்போதைய போனில் எடுக்கிற ஒரு போட்டோ சாதாரணமாக 3, 4 எம்பி இருக்கும். பத்து வருஷக் குழுக் கணக்கு ஒரே ஒரு போட்டோவைவிடக் குறைவான இடத்தில் அடங்கிவிடுகிறது. கம்ப்யூட்டரை நிரப்புவது நம் கணக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிற "காலை வணக்கம்" வீடியோக்கள்தான் நிரப்புகின்றன. விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் எடுத்தது போக 256-இல் 180 ஜிபி மிச்சம் என்று வைத்தாலும், 40 ஆயிரம் போட்டோவுக்கு மேல் வைக்கலாம். கூட்டமைப்புக்கு இது ஏராளம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். 256 ஜிபி என்று வாங்கி வந்து திறந்து பார்த்தால் 238 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். டிஸ்க் செய்கிற கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024, 1,024-ஆக எண்ணுகிறது. ஒரு ஊர் வள்ளமும் இன்னொரு ஊர் வள்ளமும் மாதிரி. 512 வாங்கினால் 476 என்று காட்டும், 1 டிபி வாங்கினால் 931 என்று காட்டும். ரேமிலும் இப்படி ஒன்று உண்டு. 8 ஜிபி போட்டிருப்பார்கள், அதில் 7.7 தான் பயன்படுத்த முடியும் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். படம் காட்டுகிற வேலைக்குத் தனி மெமரி இல்லாத லேப்டாப்புகள் ரேமிலிருந்தே கொஞ்சம் ஒதுக்கிக்கொள்கின்றன. சிலவற்றில் 2 ஜிபி வரைக்கும்கூட அப்படிப் போய்விடும். 4 ஜிபி லேப்டாப்பில் அப்படிப் போனால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதுதான் முக்கியமான கேள்வி. இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் எத்தனை வீட்டுப் பரணில் அது கிடக்கிறது என்று கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவீர்கள். அந்த முதல் லேப்டாப்பில் ரேம் 2 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. பிறகு திட்டம் நின்று, 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்காக மறுபடி தொடங்கியது. அதில் கொடுத்த லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி.

இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 15 வருஷத்தில் ரேம் நாலு மடங்கு கூடியிருக்கிறது. சேமிப்பு இடமோ 320-இலிருந்து 256-ஆகக் குறைந்திருக்கிறது! களம் சுருங்கி, கொப்பரை பெரிதாகியிருக்கிறது. லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு ஒரு லேப்டாப்புக்கு நூறு ரூபாய் மிச்சம் என்றாலும் கோடிக்கணக்கில் மிச்சம். அப்படி எண்ணி எண்ணி வாங்குகிறவர்களே 8-க்குக் கீழே போகவில்லை என்றால், அதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது.

ஏன் நாலு மடங்கு? அதே கடிதம், அதே கணக்குத்தானே என்று தோன்றும். நம் கணக்கு பெருக்கவில்லை, அதைச் சுற்றியுள்ள மென்பொருள்கள்தான் பெருத்துவிட்டன. இன்றைக்கு ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தால் விளம்பரம், வீடியோ, படம் என்று நூறு எம்பிக்கு மேல் ரேமை எடுத்துக்கொள்வது சாதாரணம். நம் ஊக்குநர்கள் உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் என்று பத்துப் பக்கத்தை ஒரே சமயத்தில் திறந்து வைக்கிறார்கள். விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. குறைந்தபட்சம் என்றால், திறக்கும், அவ்வளவுதான். 8 ஜிபி லேப்டாப்பில் நாம் ஒன்றுமே திறக்காமல் இருந்தாலும் விண்டோஸ் 11 மட்டும் 3, 4 ஜிபி பிடித்துக்கொள்வதை நாங்களே பார்த்திருக்கிறோம். 4 ஜிபி லேப்டாப்பில் அது கொஞ்சம் சுருங்கி உட்காரும். ஆனாலும் நமக்கென்று மிஞ்சுவது ஒரு கரண்டிச் சாறுதான்.

மனிதர்கள் முதன்முதலாக நிலாவில் இறங்கியது 1969-இல். அந்த அப்பல்லோ விண்கலத்துக் கம்ப்யூட்டரில் அழித்து எழுதுகிற மெமரி 4 கேபிதான் இருந்தது. நம் 8 ஜிபி அதைப் போல 20 லட்சம் மடங்கு. அதில் அழிக்க முடியாத நிரந்தர மெமரி ஒன்றும் இருந்தது, அதைப் பெண்கள்தான் கையால் நெய்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத் தொழிற்சாலை ஒன்றில், சின்னச் சின்னக் காந்த வளையங்களுக்குள் மெல்லிய கம்பியை ஊசியால் கோத்தார்கள். வளையத்துக்குள்ளே கம்பி போனால் 1, வெளியே சுற்றிப் போனால் 0. ஒரு இழை தப்பினால் கணக்குத் தப்பும். பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் தறியில் இழை பிடிக்கிற நம் பெண்களுக்கு அது என்ன வேலை என்று சொல்லாமலே புரியும். மெமரி, கம்ப்யூட்டர் எல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம் உறுப்பினர் ஒருவர், பெயர் வேண்டாம், மகள் கல்லூரி சேர்ந்தபோது குழுவில் கடன் வாங்கி லேப்டாப் எடுத்தார். 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். "பெரிய மெமரி, நாலு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆறே மாதத்தில் பட்டனை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடம் எடுத்துவந்து வைத்த பிறகுதான் திரை வரும் என்ற நிலை. ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் முகம் உறைந்து நிற்கும். அந்தப் பெண் போனிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டாள், லேப்டாப் பீரோவுக்குள் போய்விட்டது. ஆனால் தவணை நிற்கவில்லை. அந்த அம்மா களை வெட்டப் போன கூலியில் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார். "ஓடாத வண்டிக்கு டியூ கட்டறேனுங்க" என்று அவர் கூட்டத்தில் சொன்னபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் அதை எடுத்துவரச் சொல்லிப் பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தோம். நல்லவேளை, உள்ளே ரேம் மாட்டுகிற இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தது. நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து 4 ஜிபி கூடுதலாகப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினோம். கடன் தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்போது பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் திரை வந்துவிடுகிறது. அந்தப் பெண் மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

அந்த ஸ்லாட் காலியாக இல்லாமல் போயிருந்தால்? அதனால்தான் லேப்டாப் வாங்கும்போது ரேம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், "பின்னாடி கூட்டிக்க முடியுமா?" என்றும் கேட்கணும். இப்போது வருகிற மெல்லிசான லேப்டாப்புகளில் நிறைய ரேமை உள் பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். வாங்கிய அன்றைக்கு எவ்வளவோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான். இன்னும் சிலவற்றில் இரண்டு ஸ்லாட்டிலும் ஆளுக்கு 4 ஜிபி போட்டு 8 ஆக்கியிருப்பார்கள். பிறகு கூட்ட வேண்டுமானால் ஒன்றைக் கழற்றி வீசணும். ஒரே துண்டில் 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி என்பதுதான் நமக்குத் தோது. கூட்டும்போது டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறை பார்த்து வாங்கணும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது, அதன் வெட்டே வேறு இடத்தில் இருக்கும்.

மலிவு விலையில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இ-எம்எம்சி என்று புது லேப்டாப்புகளும் விற்கின்றன. பார்க்க அழகாக, எடை இல்லாமல் இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது எங்கள் கருத்து. விண்டோஸும் அதன் அப்டேட்டும் சேர்ந்தே அந்த 64-ஐப் பெரும்பாலும் தின்றுவிடும்.

போன் விளம்பரத்தில் "8 + 8 ஜிபி ரேம்" என்று பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டாவது எட்டு ரேம் இல்லை, சேமிப்பு இடத்தில் ஒதுக்கியது. நாம் முன்னால் சொன்னோமே, சாற்றைக் குடத்தில் மொண்டு வைப்பது, அதேதான். குடத்தையும் கொப்பரை என்று எண்ணிச் சொல்கிறார்கள்.

சரி, கூட்டமைப்புக்கு எது? எங்கள் யோசனை இரண்டாவது விலைப்புள்ளி, 8 ஜிபி. மூன்றாவதான 16 ஜிபி நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் வேலை என்ன? குழுக்களின் வரவு செலவுத் தொகுப்பு, தணிக்கைக்குத் தாள் எடுப்பது, வங்கிக்குக் கடிதம், ஆன்லைன் விண்ணப்பம், மாதம் ஒன்றிரண்டு வீடியோ கூட்டம். லோகோஸ் செயலியில் ஏற்றுகிற வேலை போனிலேயே நடக்கிறது. இதற்கெல்லாம் 8 ஜிபி கொப்பரை போதும். கரும்பே இல்லாமல் பெரிய கொப்பரை வாங்கி என்ன செய்ய? இன்னொரு காரணமும் உண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு வேலைக்கான பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்களுக்கு மெமரிச் சில்லு மூட்டை மூட்டையாகப் போகிறது. உலகில் இதைப் பெருமளவில் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். அதில் மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்குகிற க்ரூஷியல் என்ற தன் ரேம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வெல்ல விலை ஏறினால் நமக்குச் சந்தோஷம், ரேம் விலை ஏறினால் யாருக்கோ சந்தோஷம்! ஏறின விலையில் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். ஸ்லாட் காலியாக இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்களுக்கு இதே பதில் பொருந்தாது. பி.ஏ., பி.காம்., பி.எட். படிக்கிறவர்களுக்கு 8 ஜிபி போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துப் போன் செயலி எழுதுகிற பிள்ளைக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்ற மென்பொருள் வேண்டும். அதுவும், அதனோடு போன் மாதிரியே நடிக்கிற எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி கேட்கும். சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு ஆட்டோகேட் வரும், அதற்கு 8 ஜிபி அடிமட்டம். அவர்களுக்கு 16 எடுங்கள், அல்லது 16 ஆக்கக் கூடியதாகப் பார்த்து எடுங்கள். எதுவானாலும் கடனுக்கு எழுதிக் கொடுக்கும் முன்னால் கல்லூரியில் என்ன மென்பொருள் பயன்படுத்துவார்கள் என்று பிள்ளையைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அரசு லேப்டாப் கிடைத்திருந்தால் தனியாகக் கடன் வாங்கவே வேண்டியதில்லை, முதலில் அதை வைத்துப் பார்க்கட்டும்.

ஏற்கெனவே லேப்டாப் இருக்கிறவர்கள், ரேம் பத்துகிறதா என்று யாரையும் கேட்காமல் நீங்களே பார்க்கலாம். தினமும் செய்கிற வேலை எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்று ஒரு கட்டம் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், அதற்குள் மெமரி. எத்தனை சதவீதம் என்று காட்டும். 60, 70 என்றால் கவலை இல்லை. எப்போது பார்த்தாலும் 90-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் கொப்பரை சின்னது என்று அர்த்தம். கீழே இறங்கினால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதையும் பெரும்பாலும் அங்கேயே காட்டும். கடையில் வாங்கும்போதும் இதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பில்லில் ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "மெமரி" என்று ஒரே வார்த்தையில் எழுதினால் திருப்பிக் கொடுங்கள்.

சீர்செய்த லேப்டாப்பே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்து, விண்டோஸ் 11 ஏற்கக் கூடியதாக இருந்தால் அது நல்ல பொருள்தான். ஆனால் முதல் கடையின் விலைப்புள்ளியில் விண்டோஸ் 10 என்று போட்டிருக்கிறது. அதற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக நிறுத்திவிட்டது. உறுப்பினர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரம் வைக்கப்போகிற பெட்டியில் அது வேண்டாம்.

பேச்சு முடிந்ததும் கொத்தமங்கலம் பக்கத்துக் குழு அக்கா ஒருவர் கேட்டார்: "பரண்மேல கிடக்குற பழைய அரசு லேப்டாப்பை என்னங்க பண்றது? பழைய இரும்புக்காரன் வந்தா போட்றலாமா?" போட்டுவிடாதீர்கள். 2011 காலத்து லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது, ரேமைக் கூட்டினாலும் ஏறாது, அதன் ப்ராசஸர் பழசு. ஆனால் லினக்ஸ் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அந்த லேப்டாப்புகளிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போட்டுத்தான் கொடுத்தார்கள், நாம்தான் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற வகை 2 ஜிபியிலும் ஓடும், 4 இருந்தால் நன்றாக ஓடும். அதில் தமிழில் தட்டச்சு செய்யலாம், கணக்குத் தாள் போடலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தட்டச்சுப் பழக அது போதும். ஆனால் பேட்டரி ஊதிப்போய் அடிப்பக்கம் புடைத்திருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்.

நான்காவது பொருளை இன்றைக்கு ஒத்தி வைத்திருக்கிறோம். இரண்டாவது கடையிடம் "8 ஜிபி ரேம் ஒரே துண்டில், ஒரு ஸ்லாட் காலி, 256 ஜிபி எஸ்எஸ்டி" என்று பிரித்து எழுதிய புது விலைப்புள்ளியும், அதே அளவுக்கு வேறு இரண்டு கடைகளில் விலைப்புள்ளியும் வாங்கி அடுத்த மாதக் கூட்டத்தில் வைப்போம். பழைய லேப்டாப் இருக்கிறவர்கள் அன்றைக்குக் கையோடு எடுத்து வாருங்கள், சார்ஜரை மறந்துடாதீங்க. ஸ்குரூ டிரைவர் நாங்கள் கொண்டுவருகிறோம்.